பத்து நாள் பிளான்... கடைசியில் ஜெயிச்சது யாரு?

உறவு பேசலாம் - வாரத் தொடர்

மெசேஜ் போயாச்சு. ரெண்டு டிக்கும் நீலமாக மாறியாச்சு. பதில் மட்டும் வரவில்லை. 'அவரா பேசட்டும்' என்று போனைக் கவிழ்த்து வைக்கிறார் மனைவி. 'அவளே கேட்கட்டும்' என்று போனை பாக்கெட்டில் போடுகிறார் கணவர். காலையில் கொரட்டூர் ஸ்டேஷனில் சென்ட்ரல் பக்கம் போகும் ரயிலுக்காக நிற்கும் கூட்டத்தில், எத்தனை பேர் மனதுக்குள் இந்தப் போட்டி ஓடிக்கொண்டிருக்கிறதோ!

'முதலில் யார் இறங்கி வருவது?' எல்லா ஊரிலும், எல்லா மொழியிலும் காதலர்களும் தம்பதிகளும் ஆடுகிற ஆட்டம் இது. இதை மட்டுமே வைத்து அமெரிக்காவில் ஒரு முழுநீள காமெடிப் படமே எடுத்தார்கள். 2001 செப்டம்பரில் வெளியான 'டூ கேன் ப்ளே தட் கேம்'. எழுதி இயக்கியவர் மார்க் பிரவுன். 'இந்த ஆட்டத்தை ரெண்டு பேருமே ஆடலாம்' என்பதுதான் தலைப்புக்கு அர்த்தம்.

பத்து நாள் தண்டனை

ஷாந்தே விளம்பரக் கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருப்பவள். விவிகா ஏ.ஃபாக்ஸ் நடித்த பாத்திரம். கை நிறைய சம்பளம், சொந்த வீடு, கார். தோழிகளுக்குக் காதலில் எந்தச் சிக்கல் வந்தாலும் ஆலோசனைக்கு அவளிடம்தான் ஓடி வருவார்கள். 'ஆம்பளைங்களை எப்படி வழிக்குக் கொண்டு வரணும்னு எனக்குத் தெரியும்' என்கிற மிதப்பு அவளுக்கு உண்டு. அவள் காதலன் கீத் ஒரு வக்கீல். நடித்தவர் மோரிஸ் செஸ்ட்நட்.

ஒருநாள் 'வேலை இருக்கு, லேட் ஆகும்' என்கிறான் கீத். அதே இரவு தோழிகளோடு க்ளப்புக்குப் போகிற ஷாந்தே, அங்கே அவனை இன்னொரு பெண்ணோடு பார்த்துவிடுகிறாள். அழவில்லை, கத்தவில்லை. மனதுக்குள் ஒரு அட்டவணை போடுகிறாள்: பத்து நாள் பிளான். போனை எடுக்கக் கூடாது. ஏங்க வைக்க வேண்டும். தனக்கு ஒரு கவலையும் இல்லாத மாதிரி காட்டிக்கொள்ள வேண்டும். பத்தாவது நாள் முடியும்போது அவன் காலில் விழுந்து கெஞ்ச வேண்டும்.

ஆனால், எதிர்பக்கம் ஒரு ஆலோசகன் இருக்கிறான். கீத்தின் நண்பன் டோனி. 'அவ இப்ப இதைத்தான் பண்ணுவா, நீ இப்படிப் பண்ணு' என்று எதிர்த்திட்டம் வகுத்துக் கொடுக்கிறான். ஷாந்தே அவ்வப்போது கேமராவை நேராகப் பார்த்து, படம் பார்ப்பவர்களிடமே தன் சூத்திரங்களை விளக்கிக்கொண்டிருப்பாள். நாள் ஆக ஆக அந்தத் தன்னம்பிக்கை ஆட்டம் காண்கிறது. கடைசியில் இருவரும் சேர்ந்துவிடுகிறார்கள். காதல் காமெடியாச்சே, சேராமல் விடுவார்களா? ஆனால் சேர்த்து வைத்தது பிளான் அல்ல. பிளான் உடைந்த பிறகுதான் அவர்களால் பேசவே முடிந்தது.

கேமராவைப் பார்த்துப் பேசுகிற உத்தி தமிழ் ரசிகர்களுக்குப் புதிதல்ல. 2012-ல் வந்த பாலாஜி மோகனின் 'காதலில் சொதப்புவது எப்படி' படத்தில் சித்தார்த் இதைத்தான் செய்தார். குறும்படமாக எடுத்ததை வளர்த்துப் பெரிய திரைக்குக் கொண்டுவந்த படம் அது. அதில் வில்லன் கிடையாது, அடிதடி கிடையாது. காதலைக் கெடுப்பது ரெண்டு பேரின் ஈகோவும், சொல்லாமல் விட்ட ரெண்டு வார்த்தையும்தான்.

இது வெறும் காமெடி இல்லை

'டூ கேன் ப்ளே தட் கேம்' படத்தின் முக்கியப் பாத்திரங்கள் எல்லோருமே கறுப்பினத்தவர்கள். இன்று பார்க்கிறவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. அன்றைய ஹாலிவுட்டில் அது பெரிய விஷயம்.

1990-களின் தொடக்கத்தில் அமெரிக்கத் திரையில் கறுப்பின இளைஞன் வந்தால், அவனைச் சுற்றித் துப்பாக்கி, போதைப்பொருள், போலீஸ், சாவு இருக்கும். 1991-ல் வந்த 'பாய்ஸ் இன் த ஹூட்', 1993-ல் வந்த 'மெனஸ் டூ சொசைட்டி' இரண்டும் அப்படிப்பட்ட கதைகள். நல்ல படங்கள்தான், தேவையான படங்களும்கூட. ஆனால் ஒரு மக்களின் வாழ்க்கை என்றாலே அழுகையும் ரத்தமும்தான் என்று திரை திரும்பத் திரும்பக் காட்டினால், பார்க்கிறவர் மனதிலும் அதுதான் பதியும்.

அதற்கு மாற்றாகத்தான் இன்னொரு வரிசை வந்தது. 1992-ல் எடி மர்ஃபியின் 'பூமராங்'. 1997-ல் 'லவ் ஜோன்ஸ்'. 1999-ல் 'தி பெஸ்ட் மேன்'. இவற்றில் வருகிற கறுப்பினத்தவர்கள் கவிதை எழுதுவார்கள், நாவல் வெளியிடுவார்கள், ஆபீஸில் பிரசன்டேஷன் கொடுப்பார்கள். அப்புறம், எல்லோரையும் போலக் காதலில் சொதப்புவார்கள். 'நாங்களும் ஒண்ணுமில்லாத விஷயத்துக்கு சண்டை போட்டு, சிரிச்சு, சமாதானம் ஆகிற மனுஷங்கதான்' என்று சொல்வதற்கே ஒரு சினிமா வரிசை தேவைப்பட்டது.

2012-ல் வந்த 'திங்க் லைக் எ மேன்' இந்த வரிசையின் பெரிய வெற்றி. நகைச்சுவையாளர் ஸ்டீவ் ஹார்வி 2009-ல் பெண்களுக்கு எழுதிய காதல் ஆலோசனைப் புத்தகத்தை வைத்து டிம் ஸ்டோரி இயக்கியது. பெண்கள் புத்தகத்தைப் படித்துவிட்டு ஆண்களை மடக்குவார்கள். விஷயம் தெரிந்ததும் ஆண்களும் ரகசியமாக அதே புத்தகத்தை வாங்கிப் படித்துப் பதிலடி கொடுப்பார்கள். சுமார் 1.2 கோடி டாலரில் எடுத்த படம், உலக அளவில் 9 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 'இதையெல்லாம் யார் பார்ப்பா?' என்ற கேள்விக்கு டிக்கெட் கவுன்ட்டரில் பதில் கிடைத்தது.

ஆவடிப் பக்கத்திலிருந்து ஓர் 'அட்டகத்தி'

அதே 2012. இங்கே ஆகஸ்டில் ஒரு படம் வந்தது, 'அட்டகத்தி'. பா.இரஞ்சித்தின் முதல் படம். அவர் ஆவடியை அடுத்த கரலப்பாக்கத்துக்காரர். கொரட்டூரில் ரயில் ஏறி எதிர்த்திசையில் போனால், சில ஸ்டேஷன் தள்ளி ஆவடி. அங்கிருந்து இன்னும் கொஞ்ச தூரம்.

சென்னையின் விளிம்பில் இருக்கிற ஊர். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிற இளைஞன். ஒரு பெண் சிரித்தால் காதல், அவள் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் தோல்வி. ஆனால் அந்தத் தோல்வியின் சோகம்கூட அவனுக்கு ரொம்ப நேரம் நிற்காது. தாடி வளர்க்கலாம் என்று நினைப்பதற்குள் பசிக்கும். தினேஷ் நடித்த அந்தப் பாத்திரத்தைப் பார்த்துத் தியேட்டரே சிரித்தது. படம் சாதியின் பெயரை உரக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த வீடுகளையும் தெருக்களையும் அங்கே உள்ளவர்களின் பேச்சையும் தமிழ் சினிமா அதுவரை அவ்வளவு இயல்பாக, அவ்வளவு சந்தோஷமாகக் காட்டியது அபூர்வம்.

அந்தச் சந்தோஷத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பது மூன்றே மாதத்தில் தெரிந்தது. 2012 நவம்பரில் தர்மபுரி மாவட்டம் நத்தம் காலனியில், ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணமாகச் சொல்லி தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டன. காதலித்தால் வீடு எரியும் என்ற பயம் இருக்கிற இடத்தில், 'யார் முதலில் மெசேஜ் போடுவது?' என்று ரெண்டு பேர் சண்டை போட முடிவதே ஒரு வசதிதான். ஷாந்தேயும் கீத்தும் அற்பக் காரணத்துக்காகப் பத்து நாள் சண்டை போடுவது அமெரிக்கக் கறுப்பின ரசிகர்களுக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்பதும் இங்கிருந்து பார்த்தால் புரியும். உயிருக்குப் பயமில்லாத காதலில்தான் விளையாட்டுச் சண்டைக்கு இடம் உண்டு.

1992: ரெண்டு மேலதிகாரிகள்

ஆணும் பெண்ணும் மோதிக்கொள்ளும் கதை தமிழ் சினிமாவுக்கு எப்போதுமே பிடித்தமானது. 1955-ல் வந்த 'மிஸ்ஸியம்மா'வில் ஜெமினி கணேசனும் சாவித்திரியும் ஆசிரியர் வேலைக்காகக் கணவன் மனைவியாக நடிப்பார்கள். தம்பதிக்குத்தான் வேலை என்பது நிபந்தனை. வயிற்றுப் பிழைப்புக்காகப் போட்ட வேஷத்தில் தினம் ஒரு சண்டை, கடைசியில் காதல். எழுபது வருடத்துக்கு முந்தைய அந்தப் படத்தில் நாயகி படித்தவள், வேலை தேடுபவள், வாய்க்கு வாய் பதில் சொல்பவள்.

1963-ல் 'அறிவாளி' வந்தது. ஷேக்ஸ்பியரின் நாடகத்தைத் தழுவியது. சண்டைக்காரியான பானுமதியை சிவாஜி 'திருத்துகிற' கதை. 'அடங்காத பெண்ணை அடக்குவது' என்ற சூத்திரம் அதன்பின் பல படங்களில் வந்துகொண்டே இருந்தது. அதன் உச்சம் 1992 பொங்கலுக்கு வந்த 'மன்னன்'. தொழிற்சாலையையே நடத்துகிற முதலாளியாக விஜயசாந்தி. அங்கே வேலை செய்கிற தொழிலாளியாக ரஜினி. ரெண்டு பேரின் மோதலில் விசில் பறந்தது. முடிவு? முதலாளியம்மா வீட்டைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தரசி ஆகிறார். கம்பெனிப் பொறுப்பு கணவர் கைக்குப் போகிறது.

அதே 1992 ஜூலையில் அமெரிக்காவில் வந்தது 'பூமராங்'. பெண்களை வரிசையாகக் காதலித்துக் கைவிடுகிற விளம்பரத் துறை ஆளாக எடி மர்ஃபி. அவனுக்கு மேலதிகாரியாக ஒரு பெண் வருகிறாள். அவன் மற்ற பெண்களிடம் எப்படி நடந்துகொண்டானோ, அப்படியே அவனிடம் அவள் நடந்துகொள்கிறாள். போன் வராதா என்று காத்திருப்பது இப்போது அவன் முறை. வலிக்கிறது. அந்த வலியில்தான் தான் இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று அவனுக்கு உறைக்கிறது. அந்த மேலதிகாரி கடைசிவரை மேலதிகாரிதான். யாரும் அவளை அடக்கவில்லை.

இதுவும் குறையில்லாத படம் அல்ல. திருந்திய நாயகனுக்குப் பரிசு மாதிரி ஒரு 'நல்ல பெண்'ணை வைத்திருப்பார்கள். ஆனாலும் ஒரு வித்தியாசம் தெளிவு. 'மன்னன்' கதையில் ஜெயிப்பது என்றால் எதிராளியின் நாற்காலியை எடுத்துக்கொள்வது. 'பூமராங்' கதையில் ஜெயிப்பது என்றால் எதிராளியின் இடத்தில் ஒருநாள் நின்று பார்ப்பது.

'மன்னன்' வந்து ரெண்டே வருடத்தில், 1994-ல், தமிழும் பதில் சொன்னது. கமல் தயாரிப்பில் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய 'மகளிர் மட்டும்' படத்தில் ரேவதி, ஊர்வசி, ரோகிணி மூவரும் சேர்ந்து, பெண்களிடம் அத்துமீறுகிற மேலதிகாரி நாசருக்குப் பாடம் புகட்டினார்கள். ஆபீஸ் போகிற பெண் தினமும் எதைச் சமாளிக்கிறாள் என்பதைச் சிரிக்க வைத்தே சொன்ன படம்.

கொரட்டூர் வெர்ஷன்

ஷாந்தேயின் பத்து நாள் பிளானைக் கொரட்டூரில் ஒரு வீட்டில் போட்டால் எப்படி இருக்கும்? ஒரு கற்பனை ஜோடியை வைத்துக்கொள்வோம். கணவருக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வண்டி உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. மனைவிக்கு ஓ.எம்.ஆரில் ஐ.டி வேலை, வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ். ரயிலில் சென்ட்ரல், பார்க் டவுனில் மாறி பறக்கும் ரயில், அப்புறம் ஷேர் ஆட்டோ. சம்பளம் அவருக்கு இவரைவிடக் கொஞ்சம் அதிகம். நாலு வயதில் ஒரு பையன். கூடவே கணவரின் அம்மா.

வெள்ளிக்கிழமை. 'ஆடிட் இருக்கும்மா, லேட் ஆகும்' என்கிறார் கணவர். ராத்திரி நண்பர் போட்ட ஸ்டேட்டஸில், வில்லிவாக்கத்தில் ஒரு தியேட்டர் வாசலில் பாப்கார்னும் கையுமாக நிற்கிறார்.

முதல் நாள்: எல்லாக் கேள்விக்கும் 'ம்' மட்டும்தான் பதில்.

ரெண்டாம் நாள்: டிபன் பாக்ஸில் உருளைக்கிழங்கு வறுவல் இல்லை. தயிர்சாதமும் ஊறுகாயும் மட்டும். அவருக்கு விஷயம் புரிந்துவிடுகிறது.

மூன்றாம் நாள்: டீக்கடையில் ஆலோசனைக் கூட்டம். 'கண்டுக்காத மச்சான், தானா சரியாயிடும்' என்கிறார் தியேட்டருக்குக் கூட்டிப்போன அதே நண்பர்.

நாலாம் நாள்: பேச்சுவார்த்தை பையன் வழியாக. 'அப்பாகிட்ட சொல்லு, பால் பாக்கெட் வாங்கணும்னு.' அப்பா பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருக்கிறார்.

ஐந்தாம் நாள்: 'என்னம்மா, ரெண்டு பேரும் பேசிக்கலையா?' என்று மாமியார் கேட்கிறார். 'அதெல்லாம் ஒண்ணுமில்ல அத்தை' என்று பதில் வருகிறது. அவருக்குத் தெரியாதா என்ன! அவர் போட்ட பத்து நாள் பிளான்கள் எத்தனையோ!

ஆறாம் நாள்: கணவரின் ஸ்டேட்டஸில் ஓர் இளையராஜா சோகப் பாட்டு. மனைவி பார்த்தார். பார்த்ததாகப் பட்டியலில் தன் பெயர் வரட்டும் என்றே பார்த்தார்.

ஏழாம் நாள்: தோசை பாதி வேகும்போது கேஸ் தீர்ந்தது. மாற்று சிலிண்டரும் காலி. 'அவர் புக் பண்ணியிருப்பார்' என்று இவரும், 'அவ பண்ணியிருப்பா' என்று அவரும் விட்டுவிட்டார்கள். பையன் பசியில் அழுகிறான்.

அதற்குமேல் பிளான் ஓடாது. கத்தல் ஆரம்பிக்கிறது. கத்தலில்தான் உண்மை வெளியே வருகிறது. அந்த வெள்ளிக்கிழமை பையனுக்குக் காய்ச்சல் என்று கிரஷ்ஷிலிருந்து போன் வர, மீட்டிங்கைப் பாதியில் விட்டுவிட்டு, ரெண்டு ரயில் மாறி ஓடி வந்தவர் மனைவி. அவர் கோபம் சினிமா பார்த்ததற்கு இல்லை. தனியாக ஓடியதற்கு. கணவருக்கோ அன்றைக்கு சம்பள உயர்வுப் பட்டியலில் பெயர் இல்லை. ஏற்கெனவே தன்னைவிட அதிகம் வாங்குகிற மனைவியிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், ஆடிட் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு இருட்டில் போய் உட்கார்ந்திருந்தார்.

சினிமா, வறுவல், ஸ்டேட்டஸ் பாட்டு எல்லாம் மேலோட்டம். அடியில் இருந்தவை ரெண்டு: 'என் பாரத்தைப் பகிர்ந்துக்க ஆள் இல்லை' என்பது ஒன்று. 'நான் குறைஞ்சவனாத் தெரிஞ்சுடுவேனோ' என்பது இன்னொன்று. ஏழு நாள் மௌனத்தில் இந்த ரெண்டுமே வெளியே வரவில்லை. மணிரத்னத்தின் 'அலைபாயுதே'விலும் இதுதானே? மனைவியின் அக்காவுடைய காதலைச் சேர்த்துவைக்க மாதவன் பாடுபடுவார். நல்ல காரியம்தான். ஆனால் மனைவியிடம் மறைத்தார். ஷாலினி பார்த்ததும் தப்பாகப் புரிந்துகொண்டார். மறைத்தது எதுவாக இருந்தாலும், காயப்படுத்துவது மறைத்த செயல்தான்.

289 நிமிடம்... 88 நிமிடம்

ஆண் பெண் மோதல் என்று படங்களில் காட்டுவது வாய்ச்சண்டை. வீட்டுக்குள் நடக்கிற மோதலுக்கு ஒரு கணக்கும் இருக்கிறது.

மத்திய அரசின் 2024-ம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, சம்பளமில்லாத வீட்டு வேலைகளுக்கு யார் எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று பார்த்தது. அந்த வேலைகளைச் செய்யும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். 2019-ல் இது 299 நிமிடம், 97 நிமிடம். ஐந்து வருடத்தில் பெண்களின் நேரம் பத்து நிமிடம் குறைந்தது என்று மகிழ்வதற்குள், ஆண்களின் நேரமும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. இடைவெளி அப்படியே இருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த 88 நிமிடம் வீட்டு வேலை செய்கிற ஆண்களின் சராசரி மட்டும்தான். 2019 கணக்கெடுப்பின்படி, ஒரு நாளில் வீட்டு வேலையில் கை வைத்த ஆண்கள் நூற்றுக்குச் சுமார் 26 பேர். பெண்கள் நூற்றுக்குச் சுமார் 81 பேர்.

289-க்கும் 88-க்கும் இடைவெளி 201 நிமிடம். மூன்றேகால் மணி நேரத்துக்கு மேல். பத்து நாளைக்குப் பெருக்கினால் 33 மணி நேரம் தாண்டும். ஷாந்தேயின் பத்து நாள் பிளானில் இல்லாத கணக்கு இது. கொரட்டூர் வெர்ஷனில், பேசாமல் இருந்த ஏழு நாளும் மனைவி சமைத்துக்கொண்டுதான் இருந்தார் என்பதை கவனித்தீர்களா? வறுவலை நிறுத்தினார், சாதத்தை நிறுத்தவில்லை. சண்டையில்கூட லீவு கிடைக்காத வேலை அது.

'அவளுக்கு எப்பப் பாரு கோபம்' என்று சொல்கிற கணவர்கள், கோபத்தை விட்டுவிட்டு இந்த 201 நிமிடத்தை ஒருமுறை யோசிக்கலாம். பல வீடுகளில் ரிமோட், ஈரத் துண்டு, கழுவாத காபி டம்ளர் என்று வெவ்வேறு பெயர்களில் வெடிப்பது அந்த நிமிடங்கள்தான்.

ஆட்டம் எல்லை மீறும்போது

'கொஞ்சம் பிகு பண்ணினால்தானே காதல்? நம்ம இலக்கியத்திலேயே ஊடல் இருக்கே' என்று கேட்கலாம். நிச்சயம் இருக்கிறது. திருக்குறளின் கடைசி மூன்று அதிகாரங்களும் ஊடலைப் பற்றியவைதான். ஊடல் உணவில் உப்பைப் போல அளவாக இருக்க வேண்டும் என்பது வள்ளுவர் காட்டும் வழி. அளவு மீறினால் அதையே சாப்பிட முடியாது.

அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மேன், தம்பதிகள் பேசிக்கொள்வதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். உறவை அரிக்கிற நான்கு பழக்கங்களைச் சொல்கிறார்: குணத்தையே குறை சொல்வது, இளக்காரம் செய்வது, எதற்கெடுத்தாலும் தன்னை நியாயப்படுத்திக்கொள்வது, சுவர் மாதிரி மௌனமாகிவிடுவது. பத்து நாள் பிளான் என்பது இந்த நாலாவதைத்தான் ஒரு திட்டமாகப் போட்டுக்கொள்வது. கோபம் தணிய அரை மணி நேரம் தனியாக இருப்பது வேறு. எதிராளி தவிக்கட்டும் என்று நாள்கணக்கில் பேசாமல் இருப்பது வேறு.

அதைவிட ஆபத்தான எல்லை ஒன்று இருக்கிறது. 2022-ல் பிரதீப் ரங்கநாதன் இயக்கி நடித்த 'லவ் டுடே'யில், பெண்ணின் அப்பாவான சத்யராஜ் ஒரு நிபந்தனை போடுவார். காதலர்கள் ஒருநாள் போனை மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும். தியேட்டரில் எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து எத்தனை பேர் பாஸ்வேர்டை மாற்றினார்களோ! அது படத்தில் ஒருநாள் பரீட்சை. நிஜத்தில், தினமும் போனைப் பிடுங்கிப் பார்ப்பது, லொகேஷன் போடச் சொல்வது, சம்பள ஏ.டி.எம் கார்டை வாங்கி வைத்துக்கொள்வது, 'வேலைக்குப் போகாதே' என்று முடக்குவது எதுவும் ஊடல் ஆகாது. அது அடக்குமுறை. 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், அடிப்பதை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. வார்த்தையால் வதைப்பதும், பணத்தைப் பிடுங்கி முடக்குவதும் அதற்குள் வரும். அப்படிப்பட்ட நிலையில் இருக்கும் பெண்கள் 181 என்ற உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

ஒரு எளிய சோதனை உண்டு. 'இப்ப நான் கோபமா இருக்கேன்'னு சொல்ல ரெண்டு பேருக்குமே பயமில்லை என்றால், அது ஆட்டம். ஒருவருக்கு மட்டும் பயம் என்றால், அது ஆட்டம் இல்லை.

பிளான் வேண்டாம், இது போதும்

சண்டையே வராத வீடு கிடையாது. வந்தால் என்ன செய்யலாம்?

முதலில், சண்டையின் பெயரை மாற்றுங்கள். 'ஏன் பொய் சொன்னீங்க?' என்பதோடு நின்றால் விசாரணைதான் நடக்கும். 'அன்னிக்கு நான் தனியா ஓடினேன், ரொம்ப கஷ்டமா இருந்துச்சு' என்றால் பேச்சு நடக்கும். 'நீ எப்பவுமே இப்படித்தான்' என்ற வாக்கியத்தை வீட்டிலிருந்தே துரத்திவிடலாம்.

ரெண்டாவது, ஆலோசகர்களைத் தேர்ந்தெடுப்பதில் கவனம். ஷாந்தேவுக்குத் தோழிகள், கீத்துக்கு டோனி, கொரட்டூர்க்காரருக்கு டீக்கடை நண்பர். இவர்கள் எல்லோருமே 'நீ ஜெயிக்கணும்' என்றுதான் சொல்வார்கள். 'நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்' என்று சொல்கிற ஒருவர் இருந்தால், அவரிடம் மட்டும் பேசுங்கள்.

மூன்றாவது, வேலைகளை எழுதிப் பிரியுங்கள். கேஸ் புக்கிங், கரன்ட் பில், கிரஷ்ஷிலிருந்து போன் வந்தால் யார் ஓடுவது என்று ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினால் போதும். 'ஹெல்ப் பண்றேன்' என்ற வார்த்தையை ஆண்கள் விட்டுவிடலாம். சொந்த வீட்டு வேலையைச் செய்வதற்கு உதவி என்று பெயர் கிடையாது.

நாலாவது, மன்னிப்பை நீட்டி முழக்க வேண்டாம். 'தப்புதான், மறைச்சிருக்கக் கூடாது' என்ற ரெண்டு வரி போதும். பின்னாடியே 'ஆனா நீயும்...' என்று ஆரம்பித்தால், முன்னால் சொன்னது செல்லாது.

சம்பளம் குறைவாக வாங்குகிற கணவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மனைவியின் சம்பளம் உங்கள் தோல்விச் சான்றிதழ் இல்லை. அது உங்கள் வீட்டு வாடகை, உங்கள் பையனின் ஃபீஸ். ஒருவரின் நாற்காலியை மற்றவர் எடுத்துக்கொண்டால்தான் வெற்றி என்பது 1992 கிளைமாக்ஸ். இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்காரவும் வீட்டில் இடம் இருக்கிறது.

திருக்குறளின் காமத்துப்பால், ஊடலில் தோற்றவரே வென்றவர் என்கிறது. ஈராயிரம் வருடப் பழைய ரிசல்ட். அப்படிப் பார்த்தால், இந்த வாரம் உங்கள் வீட்டில் முதலில் தோற்று ஜெயிக்கப்போவது யார்?